பக்கத்துக் கட்டில்காரர்கள்

என் தங்கையின் வலது கையில் நாடி கிடைக்காது. குடியாத்தத்தில் யாராவது ரத்தக்கொதிப்பு முகாம் நடத்தினால், அவள் போய் உட்காரும் மேசையில் சற்று நேரம் கலவரம்தான். நர்ஸ் பெண் வலது கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றுவாள், இறக்குவாள், ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றித் தட்டிப் பார்ப்பாள், மறுபடி ஏற்றுவாள். முகம் மாறும். தங்கை அதுவரை வாயைத் திறக்கமாட்டாள். அவளுக்கு அதில் ஓர் அற்ப சந்தோஷம். பிறகு இடது கையை நீட்டி, "இதப் புடிங்க சிஸ்டர். அந்தக் கைக்குப் போற ரத்தத்த நாலு வயசுலயே நெஞ்சுக்குத் திருப்பி வுட்டுட்டாங்க" என்பாள்.

அவள் சொல்வது நிஜம். 1976-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் அவளுடைய வலக் கைக்குப் போகும் தமனியை வெட்டி, நுனியைத் திருப்பி, நுரையீரலுக்குப் போகும் குழாயோடு சேர்த்துத் தைத்தார்கள். பக்கத்துச் சிறு குழாய்கள் வழியாகக் கைக்கு ரத்தம் போய்ச் சேர்ந்துவிடும், கை வாடாது. நாடி மட்டும் அடங்கிப்போகும். எங்கள் வீட்டில் அதற்குக் 'கை ஆபரேஷன்' என்று பெயர். இதயத்தில் கோளாறு என்று சொல்லிவிட்டுக் கையில் ஏன் கைவைத்தார்கள் என்பது அப்பாவைப் பெற்ற ஆயாவுக்குச் சாகும்வரை விளங்கவில்லை.

அந்தத் தையலின் கதையை நான் படித்தது பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான். 1944 நவம்பர் 29 அன்று பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், நீலம் பாய்ந்த ஒரு பெண் குழந்தைக்கு அதை முதலில் செய்தார்கள். கத்தி பிடித்தவர் ஆல்ஃப்ரெட் பிளேலாக். யோசனை ஹெலன் டாசிக் என்கிற குழந்தை மருத்துவருடையது. காது மந்தமாகிப்போன அந்த அம்மாள், குழந்தைகளின் மார்பில் விரல்களை வைத்தே இதயத்தின் இரைச்சலைப் படிக்கப் பழகிக்கொண்டவர். ஆய்வுக்கூடத்தில் நாய்களுக்குச் செய்து பார்த்து வழியை வகுத்தவர் விவியன் தாமஸ். தச்சு வேலை தெரிந்த கறுப்பின இளைஞர். டாக்டருக்குப் படிக்கச் சேர்த்து வைத்த பணம் வங்கி முழுகியபோது போய்விட்டது. அன்று அவர் பிளேலாக்கின் தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலிமேல் ஏறி நின்று, ஒவ்வொரு தையலுக்கும் வழி சொல்லிக்கொண்டிருந்தார். நெடுங்காலம் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்த வருஷம் 1976. தங்கையின் மார்பில் அதே தையல் விழுந்த வருஷம்.

தோளுக்குப் பின்னால் நின்று சொல்லிக்கொடுத்தவர்களைப் பற்றித்தான் எனக்கு எப்போதும் நினைப்பு ஓடுகிறது. எங்களுக்கும் அப்படி ஒருத்தி இருந்தாள். அவளிடம் வருவதற்கு முன்னால் தங்கை குந்தியதைச் சொல்ல வேண்டும்.

அவள் பிறந்தது 1972-ல். அழுதால் நாவல்பழம் தின்ற வாய் மாதிரி உதடு மாறும். நடக்கக் கற்றுக்கொண்ட பிறகு ஒரு வழக்கம் வந்தது. வாசலிலிருந்து திண்ணை முனைவரை ஓடுவாள். பாதியில் சட்டென்று குந்திவிடுவாள். முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, தலையைக் கவிழ்த்து, கொஞ்ச நேரம். பிறகு எழுந்து மறுபடி ஓடுவாள். அப்பா குழித்தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்துகொண்டிருப்பார். தறிக்குழியின் ஓரத்தில் அவள் குந்தியிருப்பதைப் பார்த்து, "என்னாடி, நீயும் தறி போடப் போறியா?" என்பார். ஆயாவோ, சோம்பேறிக் குட்டி என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் குந்தல்தான் வைத்தியம் என்று எங்களுக்குத் தெரியாது. மார்செய் நகரத்து மருத்துவர் ஃபாலோ 1888-ல் விவரித்த நாலு கோளாறு அவளுடையது. இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை. நுரையீரலுக்குப் போகிற வழி குறுகல். மகாதமனி அந்த ஓட்டைக்கு மேலே ஏறி நிற்கிறது. முட்டி முட்டி வலது கீழறையின் சுவர் தடித்துப்போகிறது. நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாக வேண்டிய ரத்தம் வழி கிடைக்காமல் ஓட்டை வழியாக நேரே உடம்புக்குப் போகிறது. உடம்பு நீலமாகிறது. குந்தி உட்கார்ந்தால் தொடையிலும் முழங்காலிலும் ரத்தக் குழாய்கள் நசுங்கும். உடம்புப் பக்கம் போகிற வழியில் தடை கூடும். வேறு வழியில்லாமல் கொஞ்சம் ரத்தம் குறுகிய பாதையில் நெருக்கிக்கொண்டு நுரையீரலுக்குப் போகும். இந்தக் கணக்கு எதுவும் தெரியாமல், யாரும் சொல்லித்தராமல், உலகம் முழுக்க இந்த நோயுள்ள பிள்ளைகள் தாங்களாகவே குந்தக் கற்றுக்கொண்டார்கள். எனக்கு இதைவிட ஆச்சரியமான விஷயம் மருத்துவத்தில் வேறு இல்லை.

குந்தத் தெரிகிற வயதில் பிள்ளை தானே பார்த்துக்கொள்ளும். தூக்கத்திலிருந்து எழுந்து வீறிடுகிறபோது மூச்சு இரைத்து, நீலம் கறுப்பாகி, கண் செருகினால்? பெரிய ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போய் வேலூரில் தங்கியிருந்தபோது ஒரு விடியற்காலையில் அப்படி ஆனது.

வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களின் லாட்ஜுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அறையோடு ஸ்டவ்வும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். மாடியில் ஒரு பக்கம் பருப்பு வேகும், மறுபக்கம் கடுகெண்ணெயில் மீன் பொரியும். வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வருகிற குடும்பங்கள் மாதக்கணக்கில் கிடக்கும். கடைக்காரப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் கற்காத வங்காள மொழியைக் கல்லாவில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள்.

அன்றைக்கு அம்மா கத்தினாள். அப்பா ரிக்ஷா பிடிக்க ஓடினார். பக்கத்து அறைக்காரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். கையில் சங்கு வளையல், நெற்றி வகிட்டில் செந்தூரம், தலை கலைந்திருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையை அம்மா மடியிலிருந்து வாங்கினாள், தரையில் உட்கார்ந்தாள், இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்து அழுத்தி, தன் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்து, வாயில் விரலை வைத்து, கத்தாதே என்று சைகை காட்டினாள். பிள்ளையின் இரைப்பு மெல்ல அடங்கியது. அவளுடைய பையனுக்கும் இதே வியாதி. அவள் ஊரில் யாரோ ஒரு டாக்டர் காட்டிக்கொடுத்ததை அவள் எங்கள் அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தாள்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. ஆனாலும் ஒரு முழுப் பாடம் நடந்தது. தம்ளரைக் காட்டி, பிள்ளைக்கு அடிக்கடி தண்ணீர் கொடு என்றாள். நீலக் குழந்தைகளுக்கு ரத்தம் தடித்திருக்கும், வயிற்றுப்போக்கோ வெயிலோ வந்து உடம்பு வற்றினால் மூளையில் அடைப்பு ஏற்படலாம் என்கிற காரணத்தைப் பின்னால் டாக்டர் சொன்னார். எந்த வரிசையில் நின்றால் சீக்கிரம் சீட்டு கிடைக்கும், ஆபரேஷனுக்கு முதல் நாள் பிள்ளைக்கு எதுவரை சாப்பாடு கொடுக்கலாம், வார்டுக்குள் அம்மா நுழையக்கூடிய நேரம் எது, எல்லாமே விரல்களிலும் கண்களிலும். அம்மா அவளைக் கடைசிவரை ஊர்ப்பெயரை வைத்துப் 'பர்த்வான்காரி' என்றுதான் சொன்னாள். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பையன் என்ன ஆனான் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

இந்தக் குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. கடவுள் இருக்கார் என்பவர்கள், இன்னொரு பிள்ளை பெத்துக்க என்பவர்கள், வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்பவர்கள் என்று தெருவே திரண்டு வரும். பர்த்வான்காரி ஆறுதல் சொல்லவே இல்லை. முழங்காலை மடக்கினாள். அதே பாதையில் நாலடி முன்னால் போய்க்கொண்டிருக்கிற ஒருத்தர் கிடைத்தால் போதும் என்று நான் நம்புவதற்கு அவள்தான் காரணம்.

ஊருக்குள் கிடைத்ததெல்லாம் வேறு வகை. கிரகணத்தன்று அம்மா அரிவாள்மணையில் கத்தரிக்காய் நறுக்கினாள் என்பது ஆயாவின் தீர்ப்பு. சொந்தத்தில் கட்டியதால் என்பது ஊரின் தீர்ப்பு. அப்பா கட்டியது தன் அக்கா மகளை. அம்மாவுக்கு மாமியாரும் அம்மாச்சியும் ஒரே ஆள். எங்கள் வீட்டில் பழியைச் சம்பந்தி வீட்டின் மேல் தூக்கிப் போடக்கூட வழியில்லை, எல்லாம் ஒரே வீடு. நெருங்கிய உறவுத் திருமணத்தில் பிறவிக் கோளாறுகளின் வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மைதான். கர்ப்பிணிக்கு ருபெல்லா அம்மை கண்டாலும், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை இருந்தாலும் கூடுகிறது. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் கோளாறு உண்டு. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று கைநீட்டிச் சொல்ல முடிவதில்லை. இதயம் உருவாகி முடிவது கருத்தரித்த முதல் எட்டு வாரத்தில். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று அம்மா சந்தேகப்படுகிற நேரத்திலேயே அந்த வேலை தொடங்கியிருக்கும். கத்தரிக்காய்க்கு அங்கே இடமே இல்லை. இதை ஒரு டாக்டர் அம்மாவிடம் உட்கார்த்திவைத்துச் சொல்ல, அம்மா வார்டு வராந்தாவில் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அதற்குப் பிறகு ஆயாவுக்கு அவள் பயப்படவில்லை.

நான் அப்போது ஐந்தாவதோ ஆறாவதோ. குடும்பத்துக்கு ஆதரவு என்று பேசுகிறபோது எல்லாரும் மறந்துவிடுகிற ஒரு ஆள் உண்டு. வீட்டில் விட்டுவிட்டுப் போன மூத்த பிள்ளை. அம்மாவும் அப்பாவும் வேலூரில் இருந்த மாதங்களில் நான் ஆயாவோடு இருந்தேன். நூல் சுற்றுகிற ராட்டையில் என் பங்கு வேலை உண்டு. தங்கச்சி எப்போ வருவா என்று கேட்டால், வருவா வருவா என்பார்கள். நான் கேட்கக்கூடாத வார்த்தைகளைப் பெரியவர்கள் கொல்லைப்புறத்தில் பேசுவார்கள். நான் கேட்டுவிட்டேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் வந்தாள். மூடிய அறைகளின் ஆஸ்பத்திரி வாசனையோடு, மார்பின் ஒரு பக்கத்தில் கட்டோடு, உதடு சிவந்து வந்தாள். என்னைப் பார்த்து முதலில் சொன்னது, அங்கே தினமும் முட்டை கொடுத்தார்கள் என்பது. எனக்கு அன்றைக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. இப்போது குழந்தைகளின் இதயப் பிரிவுக்குப் போகிறபோதெல்லாம், வெளியே பெஞ்சில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் அண்ணனையோ அக்காவையோ தேடிப் போய் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு வருவேன். என்ன வியாதி என்று கேட்பதில்லை. எந்த கிளாஸ் படிக்கிறே என்று ஆரம்பிப்பேன்.

கை ஆபரேஷன் தற்காலிக ஏற்பாடு. ஓட்டையை அடைத்துக் குறுகலை விரிக்கிற பெரிய ஆபரேஷன் 1982-ல், அவளுக்குப் பத்து வயதில். நாட்டில் திறந்த இதய அறுவை சிகிச்சை வேர்பிடித்ததே வேலூரில்தான். 1960-களின் தொடக்கத்தில் டாக்டர் என். கோபிநாத் அங்கே அதைச் செய்து காட்டியிருந்தார். இதயத்தை நிறுத்தி வைத்துவிட்டு, ரத்தத்தை எந்திரத்தில் ஓட்டி, வேலை முடிந்ததும் மறுபடி துடிக்கவைப்பார்கள் என்றதும் ஆயா துளசி மாடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ரத்தம் வேண்டும் என்றார்கள். அப்பா நெசவாளர் சங்கத்தில் போய்ச் சொன்னார். ரத்தம் கொடுத்தால் தறிப்பலகையை மிதிக்கிற காலில் வலு குறையும் என்று பாதிப் பேருக்கு நடுக்கம். இருந்தும் ஒரு வேன் நிறைய வந்தார்கள். கொடுத்துவிட்டு வெளியே வந்து ஆளாளுக்குக் காலை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டதை அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ரத்தத்தை ஓட்டுகிற அந்த எந்திரம் பரவலாவதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்பதைப் படித்தபோது அப்பா உயிரோடு இல்லை. 1954 மார்ச்சில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வால்டன் லில்லிஹை ஒரு சின்னப் பையனையும் அவனுடைய அப்பாவையும் பக்கத்துப் பக்கத்து மேசையில் படுக்கவைத்தார். பையனின் ரத்தம் குழாய் வழியாக அப்பாவின் உடம்புக்குள் போய், அவருடைய நுரையீரலில் சுத்தமாகித் திரும்பி வந்தது. அந்த நேரத்துக்குள் பையனின் இதயத்தைத் திறந்து ஓட்டையைத் தைத்தார்கள். அப்பாதான் எந்திரம். ஒரே நேரத்தில் இரண்டு உயிருக்கும் ஆபத்து உள்ள வைத்தியம் இது என்று அன்றே கண்டனம் எழுந்தது, எழுந்ததில் நியாயமும் இருந்தது. இப்படி 45 பேருக்குச் செய்ததில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். எங்கள் அப்பாவிடம் யாராவது கேட்டிருந்தால் பாவை அறுத்துப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்.

தங்கை பிழைத்து வந்தாள். வந்த பிறகு நடந்ததைத்தான் நான் சொல்ல நினைத்தேன். வீட்டில் அந்தப் பேச்சே நின்றுபோனது. பெண் குழந்தை. நெஞ்சில் மேலிருந்து கீழாக ஒரு நீளத் தழும்பு. நாளைக்கு ஒருத்தன் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டுகள் டிரங்குப் பெட்டியில் அடிக்குப் போயின. கழுத்து ஏறிய ஜாக்கெட். வேலூருக்கு எதற்குப் போனீர்கள் என்று கேட்டால் ஆயாவுக்குக் கண் ஆபரேஷன். எங்கள் வீடு மட்டும் இப்படி இல்லை. இதயத்தில் ஓட்டை இருந்து சரியாகிப்போன பெண்கள் எங்கள் சுற்றுவட்டத்தில் பலர் இருந்திருக்கிறார்கள் என்பது பிற்பாடு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. எல்லா வீட்டிலும் டிரங்குப் பெட்டி. பிழைத்தவர்கள் எல்லாம் காணாமல் போய்விட்டால், எக்கோ ரிப்போர்ட்டோடு புதிதாக நிற்கிற அம்மாவின் கண்ணுக்குச் செத்தவர்கள் மட்டும்தான் தெரிவார்கள். பர்த்வான்காரி ஒருத்தி கிடைக்கவேண்டிய இடத்தில் யாரும் இல்லை.

மறைத்தலுக்கு இன்னொரு முகமும் உண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், இதய ஆபரேஷன் சொல்லப்பட்ட ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 70 பேருக்கு அது நடந்திருந்தது. பெண் பிள்ளைகளில் 44. பணம் ஒரு காரணம். தழும்போடு எவன் கட்டுவான் என்பது இன்னொன்று. எங்கள் ஆயாவைத் திட்டத் தோன்றும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்வேன். தழும்புக்குப் பயந்தாள், ஆனால் பேத்தியை அறுத்துக் காப்பாற்ற வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

தங்கையின் கல்யாணம் வேடிக்கையாகத்தான் முடிந்தது. பெண் பார்க்க வந்தவர் பஸ் கண்டக்டர். ஆயா போட்ட திட்டத்தையெல்லாம் மீறி, தனியாகப் பேச விட்டபோது இவளே சொல்லிவிட்டாள். இரண்டு ஆபரேஷன், ஒரு கையில் நாடி கிடையாது, வருஷா வருஷம் வேலூர் போக வேண்டும். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "எங்க வூடு மாடியில. ஏற முடியுமா?" முடியும் என்றாள். முடிந்தது. பிள்ளை உண்டானபோது இதய டாக்டரும் பிரசவ டாக்டரும் சேர்ந்து பார்த்தார்கள், வயிற்றுக்குள்ளேயே குழந்தையின் இதயத்தை எக்கோ எடுத்தார்கள். பையன் பிறந்தான். அவன் இதயத்தில் ஒன்றுமில்லை, பள்ளியில் என்னிடமே அடி வாங்கினான்.

பள்ளி என்றதும் ஒன்று. 2013-க்குப் பிறகு ராஷ்டிரிய பால ஸ்வாஸ்திய கார்யகிரம் என்கிற நீளப் பெயரில் வேன் வர ஆரம்பித்தது. அங்கன்வாடிக்கு வருஷம் இரண்டு தடவை, பள்ளிக்கு ஒரு தடவை. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்பார்கள். சந்தேகம் என்றால் மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள். ஆறாம் வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு போக்கிரிப் பையன் அதில் மாட்டினான். மேலறைகளுக்கு நடுவே ஓட்டை. அது வெகுகாலம் சத்தமில்லாமல் இருக்கும். தொடையில் சின்னக் குழாய் நுழைத்து, குடை மாதிரி விரிகிற ஒன்றைக் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். நாலு நாளில் வகுப்புக்கு வந்து, தழும்பைக் காட்டு என்று கேட்ட சக பையன்களுக்குக் காட்ட ஒன்றுமில்லாமல் அவமானப்பட்டான்.

நாட்டில் வருஷத்துக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல் குழந்தைகள் இப்படிப் பிறக்கின்றன என்பது மருத்துவர்களின் மதிப்பீடு. ஐந்தில் ஒன்றுக்கு முதல் வருஷத்திலேயே ஏதாவது செய்தாக வேண்டும். கேரளத்தில் 2017 முதல் 'ஹிருதயம்' என்றொரு திட்டம். எங்கே பிறந்த குழந்தையானாலும் விவரத்தைப் பதிந்தால் குழந்தை இதய டாக்டர்கள் அவசரத்தைப் பார்த்து வகை பிரித்து, இடம் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். ஆஸ்பத்திரியைத் தேடி அலைவது குடும்பத்தின் வேலை இல்லை என்று அரசு ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம். நம் ஊரில் கலைஞர் காப்பீடு 2009-ல் வந்து, முதலமைச்சர் காப்பீடாகத் தொடர்ந்ததால் எத்தனையோ தாலி அடகுக்கடைக்குப் போகாமல் தப்பியது. 1991 முதல் புட்டபர்த்தியில் பில் இல்லாமல் செய்துகொண்டு வந்தவர்களும் எங்கள் பக்கம் உண்டு. ஆனாலும் ஆபரேஷன் செலவு மட்டும் செலவில்லை. சென்னையில் மூன்று வாரம் தங்குகிற சோறு, அப்பாவின் போன கூலி, வீட்டில் விட்ட மூத்தது. இதற்கெல்லாம் எந்த அட்டையிலும் இடமில்லை.

போன ஐப்பசியில் எங்கள் பின்தெருப் பெண் ஒருத்தி எக்கோ ரிப்போர்ட்டைத் தாலியோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். கைக்குழந்தை, இரண்டு மாதம். கீழறைகளுக்கு நடுவே பெரிய ஓட்டை. பிறந்தபோது எல்லாம் நல்லா இருக்கு என்று அனுப்பிவிட்டார்களே என்று அவளுக்கு ஆத்திரம். அதற்குத் தங்கை பதில் வைத்திருந்தாள். பிறந்த புதிதில் நுரையீரலில் அழுத்தம் கூடுதலாக இருக்கும், ஓட்டை வழியாக ரத்தம் அதிகம் பாயாது, சத்தமும் கேட்காமல் போகலாம். ஆறேழு வாரத்தில் அழுத்தம் இறங்க இறங்க, ரத்தம் நுரையீரலுக்குள் கொட்ட ஆரம்பிக்கும், அப்போதுதான் மூச்சு வாங்கும். "அவங்க மேல கோவப்பட அப்புறம் நேரம் கெடைக்கும். மொதல்ல இதச் சொல்லு, பால் குடிக்கும்போது நெத்தியில வேர்க்குதா?"

வேர்க்கிறது. நாலு வாய் குடித்துவிட்டுக் களைத்துத் தூங்கிவிடுகிறது. மறுபடி எழுந்து அழுகிறது. எடை ஏறவில்லை.

தங்கை பாலாடையை எடுத்து வைத்தாள். பாலைப் பீச்சி எடுத்து, தலையைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. உறிஞ்சுகிற உழைப்பு மிச்சமானால் அந்த மிச்சம் உடம்பில் சேரும். பாலாடையை ஒவ்வொரு தடவையும் கொதிக்கவைக்க வேண்டும். லாசிக்ஸ் மருந்தை எந்த நேரத்தில் கொடுக்கிறோமோ அதே நேரத்தில் தினமும். சளிப் பிடித்தவர்கள் யாரும், மாமனாரே ஆனாலும், குழந்தையைத் தூக்கக்கூடாது. காப்பீட்டுக்கான வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.விடம் இன்றைக்கே போ, வருஷத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டின் நகலை நாலாக எடுத்துக்கொள்.

அவள் மாமியார் ஒன்று சொன்னார். குழந்தை கொஞ்சம் வளரட்டும், உடம்பு தேறட்டும், அப்புறம் கீறலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். சின்ன ஓட்டைகள் பல தானே மூடிக்கொள்வதும் உண்மை. ஆனால் பெரிய ஓட்டைக்குக் காத்திருந்தால் கொட்டுகிற ரத்தத்தின் வேகத்தில் நுரையீரல் குழாய்கள் கெட்டித்துவிடும். ஒரு எல்லைக்கு மேல் போனால் ஓட்டையை அடைக்கவே முடியாது. தேறட்டும் என்று காத்திருந்து நாள் கடந்துபோன குடும்பங்களை வேலூர் பெஞ்சுகளில் நாங்கள் பார்த்திருக்கிறோம். தங்கை வாதாடவில்லை. ஜாக்கெட்டின் மேல் கொக்கியை விடுவித்து, கழுத்துக்குக் கீழே தழும்பின் மேல்நுனியைக் காட்டினாள். "எனக்கும் இங்கதான் கீறினாங்க பெரிம்மா. எனக்கு அம்பத்தி மூணு வயசு." மாமியார் தொட்டுப் பார்த்தார். அந்தக் குழந்தைக்கு ஆபரேஷன் ஆகி, இப்போது எடை ஏறிவிட்டது. தங்கை அடுத்து அதன் பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறாள். சொத்தைப் பல்லின் கிருமி ரத்தத்தில் கலந்து இதயத்தில் போய் உட்காரலாம் என்பதால், ஒரு பல் முளைக்கும் முன்பே பிரஷ் வாங்கிக் கொடுத்துவிட்டாள். கொஞ்சம் அதிகப்படிதான்.

ஆபரேஷன் முடிந்தால் முடிந்தது என்று நினைத்துக் கணக்கை மூடிவிடுவது எங்கள் தலைமுறையின் வழக்கம். அது சரியில்லை என்று அவள் உடம்பே இப்போது சொல்கிறது. 1982-ல் விரித்த வழியில் வால்வு ஒழுகுகிறது, வலது கீழறை பெருத்துக்கொண்டு வருகிறது. இந்த நோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு நடுவயதில் இது வரக்கூடியதுதான். நெஞ்சைத் திறக்காமல் தொடை வழியாகவே புது வால்வு வைக்கலாம் என்கிறார் டாக்டர். அப்படி முதன்முதலில் 2000-ல் ஒரு பையனுக்கு வைத்தவர் பாரிஸில் பிலிப் போன்ஹோஃபர். அரை நூற்றாண்டுக்கு முன் குந்தி குந்தி ஓடிய பிள்ளைகளில் இந்த வயதுவரை வந்தவர்கள் நம் பக்கம் அதிகம் இல்லை. எல்லாருக்கும் வழி சொல்கிறவளுக்கு இப்போது முன்னால் போன ஆள் வேண்டும். டாக்டரிடம் அவள் கேட்டது செலவு இல்லை, ஆபத்து இல்லை. இதைச் செய்துகொண்ட யாராவது ஒருத்தர் போன் நம்பர் கொடுங்கள் என்றாள். அவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தருகிறேன் என்றார் டாக்டர்.

பத்து நாள் கழித்துச் சேலத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். வயது நாற்பத்தி ஐந்து இருக்கும், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வால்வு வைத்து இரண்டு வருஷம் ஆகிறது. தங்கை போனை ஸ்பீக்கரில் போட்டாள். எந்தப் பக்கத் தொடை, எத்தனை மணி நேரம் காலை அசைக்கக்கூடாது, மயக்கம் தெளியும்போது வாய் எப்படி வறளும், எந்த மாத்திரை வயிற்றைப் புரட்டும் என்று ஆரம்பித்து, அந்த ஆஸ்பத்திரி கேன்டீனில் காலை எட்டு மணிக்கு மேல் போனால் இட்லி இருக்காது என்பதுவரை சொன்னார். காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே வந்தவள், இட்லி விஷயத்தையும் விடாமல் எழுதிக்கொண்டு, கூட இருக்கப் போகிறவர் மாடி ஏறி இறங்க வேண்டியிருக்குமா, லிஃப்ட் உண்டா என்று கேட்டாள்.